பதினோரு ஆணித்துளை

பெயிண்டில் ஒரு குமிழி.
அவ்வளவுதான் முதலில்.
சமாதானபுரத்து வீட்டின் வடக்கு ஜன்னல்,
வாடைமழை நேரே வந்து அறைகிற பக்கம்,
சட்டத்தின் கீழ்மூலையில்
அம்மைக்கொப்புளம் போல ஒன்று.
துணி காயப்போடப் போனவள் அழுத்திப் பார்த்தேன்.
விரல் உள்ளே போய்விட்டது.

மஸ்கட்டுக்குப் போட்டோ அனுப்பினேன்.
“செல்லா?” என்றான் சாமிதாஸ்.
செல் என்றால் மண்கோடு இருக்கும். இல்லை.
“அப்போ புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிரு,
டிசம்பர்ல வந்து பாத்துக்கிடுதேன்.”

ஸ்டூல் போட்டு ஏறி
ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டி
மேலிருந்து இறங்கினேன்.
டொக். டொக். டொக்.
இடுப்புயரத்துக்கு வந்ததும்
பொத்.
முனையை ஊன்றினால்
காப்பியில் முக்கிய ரஸ்க் மாதிரி இறங்கியது.
தவிட்டு நிறத்தில் கட்டம் கட்டமாக உதிர்ந்து,
உள்ளங்கையில் எடையே இல்லாமல்,
நனைந்த சாக்கு மணத்தோடு.
பச்சைப் பெயிண்ட் மட்டும் பளபளவென்று
ஒன்றும் தெரியாத முகம் வைத்திருந்தது.

ஆறுமுகநயினார் வந்தார்.
கீழ்மூலையைப் பார்க்கவே இல்லை.
அண்ணாந்து நின்றுகொண்டு,
“தண்ணி எங்க குடிக்கு, அதச் சொல்லுங்க மொதல்ல.”

மேல்சட்டத்தில் ஆணித்துளைகள்.
எண்ணினார். பதினொன்று.
“எதுக்கும்மா இத்தன?”

நட்சத்திரம் கட்ட.
லீவில் வந்ததும் சாமிதாஸுக்கு அதுதான் முதல் வேலை.
பழைய ஆணி துருவேறியிருக்கும், பிடுங்கிப்போட்டு
ஓரங்குலம் தள்ளிப் புதிதாய் ஒன்று.
ஜனவரியில் பிளேன் ஏறிவிடுவான்.
ஓட்டையை அடைக்க எனக்கும் தோன்றியதில்லை.
அது வழியே நுழைந்து, பெயிண்டுக்குப் பின்னாலேயே நடந்து,
வெளியேற வாசல் இல்லாமல்
மூலையில் உட்கார்ந்துவிட்டது
இத்தனை வருசத்து மழை.

வைரம் தட்டுப்படும்வரை வெட்டினார்.
இரண்டு சாண் போயிற்று.
நல்ல கட்டையிலும் நாலு விரல் சேர்த்தே எடுத்தார்:
“இதுல இரக்கப்பட்டா அடுத்த ஐப்பசில திரும்பக் கூப்பிடுவீங்க.”
புரட்டாசி வெயிலில் மூன்று நாள் காய்ந்தது.
முந்திரி எண்ணெய் இரண்டு பூச்சு. என் கை எரிந்தது.
வேங்கைத் துண்டைச் சரிவாய் வாய்வைத்துச் சேர்த்தார்.
அடிக்கட்டைக்குக் கீழே
பென்சில் கனத்தில் ஒரு பள்ளக்கோடு இழைத்தார்.
“இது என்னத்துக்கு?”
“சொட்டு சுவத்துப் பக்கம் திரும்பாது.”

துளைகளை நானே அடைத்தேன்,
எம்-சீல் உருட்டி, கட்டைவிரலால், பதினொன்றையும்.
“அப்போ இந்த வருசம் நட்சத்திரத்த எங்க தொங்கவிட?”
கிரில் கம்பியில் சணல் போட்டுக் கட்டிக்கொள்.
வா முதலில்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கோட்டுக்கு வந்த சொட்டு
சுவரைத் தொடாமல்
கீழே கிடந்த பெயிண்ட் டப்பா மூடியில்
விழுந்தது. கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.