நான்காவது இருக்கை

பேருந்து ஏழு மணிக்கே போய்விட்டது.
நரின் நிலையத்தில் சீட்டுக் கிழிக்கும் பெண்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏழு விரல் காட்டினாள்,
பிறகு அதே விரல்களால் ரொட்டியைப் பிய்த்தாள்.

பதினாறு பேர் சேர்ந்தால் கிளம்பும் வேனில்
இரண்டு பேரும் ஒரு தர்பூசணியும்.
வாடகைக்குக் கார் விடுகிற பையன்
என் ஓட்டுநர் உரிமத்தைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் வாசித்துவிட்டு
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.
குதிரை இருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார்.
முந்நூறு கிலோமீட்டருக்கா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

இப்படித்தான்
தாயிர்பெக்கின் வெள்ளைக் காருக்கு வந்து சேர்ந்தேன்.
ஆளுக்கு எழுநூறு சோம்.
நான்கு பேர் ஆனதும் புறப்பாடு.
நாங்கள் மூவர்.
பின்னிருக்கையில் ஜிபாரா, மடியில் ஒரு செருப்பு டப்பா,
அதற்குள் மாமியாரின் பல்வரிசை, வெள்ளை அச்சில்.
தலைநகரில் செட் கட்டப் போகிறது.
திறந்து காட்டினாள்.
மாமியார் எங்களைப் பார்த்து இளித்தார்.
மறு சன்னலோரம் விடுப்பு முடிந்த ஒரு சிப்பாய்,
பெயர் சொல்வதற்குள் தூங்கிவிட்டான்.

நடுவில் ஓர் இடம் காலி.

ஒன்பது. ஒன்பதரை.
தாயிர்பெக் ஓர் ஊரையே கூவி விற்றான்:
பிஷ்கெக், பிஷ்கெக், பிஷ்கெக்.
வாங்க ஆளில்லை.
பத்தே முக்காலுக்கு
என் பொறுமையின் விலை எழுநூறு சோமுக்கு இறங்கியது.
காலி இடத்தையும் நானே வாங்கினேன்.
ஜிபாரா கைதட்டினாள்;
டப்பாவுக்குள் பற்கள் கிடுகிடுத்தன.

ஜப்பான் ஓட்டித் தீர்த்த கார்,
நம் ஊர்போல ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஆனால் வண்டி போவதும் வலப்பக்கம்.
முன்னால் ஊரும் நிலக்கரி லாரியைத் தாண்ட வேண்டுமென்றால்
அவனுக்கு எதிர்ச்சாலை தெரியாது.
முன்னே இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.
என் பக்கம் திரும்பிக் கேட்டான்: பார்?

பார்த்தேன்.
பனி மூடிய சிகரம், அதன் கீழே ஆறு,
ஆற்றில் கால் நனைத்த இரண்டு குதிரைகள்.
அருமை என்றேன்.

ஜிபாரா தலையில் அடித்துக்கொண்டாள்.
பார் என்றால் இருக்கிறது.
ஜோக் என்றால் இல்லை.
எதிரே வண்டி இருக்கிறதா என்று
மனிதன் உயிரைக் கேட்கிறான்,
நான் இயற்கையை ரசிக்கிறேன்.

பிறகு பழகிவிட்டது.
பார்? ஜோக்.
பார்? ஜோக்.
பார்? பார், பார், பார்!
ஒரு டேங்கர் எங்கள் கண்ணாடியைத் தொடாமல் போனது.
நான்கு உயிர், ஒரு பல்வரிசை,
எல்லாம் என் ஒற்றைச் சொல்லில்.
இந்த ஐம்பது வயதுக்குள்
என் ‘இல்லை’யை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

தோலோன் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால்
சாலையோரம் ஒருவர்.
செத்துப்போன கார் பேட்டரியை
இடுப்பில் பிள்ளைபோல் வைத்திருந்தார்.
தாயிர்பெக் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை.
என்னைப் பார்த்தான்.
முதலில் விளங்கவில்லை.
பிறகு விளங்கியது. இடம் என்னுடையது.
எழுநூறு கொடுத்து வாங்கிய
அந்த ஒன்றரை அடி வெறுமைக்கு நான் முதலாளி.

யோசித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
ஆனாலும் யோசித்தேன்:
அமிலம் ஒழுகினால் என் பை என்னாவது,
கொடுத்த காசு கொடுத்ததுதானே,
அடுத்த வண்டி வராமலா போகும்.
கார் நூறு அடி ஊர்ந்தது.
கண்ணாடியில் அவர் சின்னதானார்.

பார்? என்றான் தாயிர்பெக்.
முன்னால் லாரி எதுவும் இல்லை.

பார், என்றேன்.

அவர் ஏறினார், பேட்டரியும்.
சிப்பாயின் தலை அவர் தோளுக்கு இடம் மாறியது.
கொச்கோரில் இறங்கும்போது நூறு சோம் நோட்டை
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்
எனக்கும் தாயிர்பெக்குக்கும் நடுவில் நீட்டினார்.
அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.
நானும் வெளியே பார்த்தேன்.
கடைசியில் வாங்கிக்கொண்டது ஜிபாரா.

அடுத்த கடையில் அது
காய்ந்த உப்புத் தயிர் உருண்டைகளாகத் திரும்பி வந்தது.
சிப்பாயையும் எழுப்பிக் கொடுத்தாள்.
கல்.
கடித்துவிட்டு
எல்லோரும் அந்த டப்பாவைப் பார்த்தோம்.