பன்னிரண்டாவது வளைவு

என் கணினியில் சேர்வராயன் மலை
ஒரு வருடமாகப் பனிக்குள் இருக்கிறது.
இருநூற்றுப் பதினாலு லேயர்,
பனிக்கு மட்டும் நாற்பது.
கோப்பின் பெயர் ‘மலை கடைசி 7’.
திறக்க மூன்று நிமிடம் ஆகும்.
அதற்குள் எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

கீறல் விழுந்த டேப்லெட்டில்தான்
தினமும் கை ஓடுகிறது.
கன்னங்குறிச்சி டவுன்பஸ்
அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி முடிப்பதற்குள்
ஒரு முகம்.
தட்டுவடை செட்டுக்குப் பீட்ரூட் துருவல் வைக்கும் விரல்கள்,
நாலே கோட்டில்.
ஹெல்மெட்டை மடியில் கட்டிக்கொண்டு தூங்கியவர்.
ஜங்ஷனில்
ரயில் போன பிறகும் கையாட்டிய பையன்:
கை வந்தது,
பையன் வரவில்லை.

பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறேன்.
பொய்யில்லை.
ஆனால் மார்ச்சில் உட்கார்ந்து எண்ணினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
பாதிக்கு மேல்
மலையைத் திறக்காமலிருக்கப் போட்டவை.

சரி என்று ஒரு சனிக்கிழமை
ஃபோனை அணைத்துவிட்டு மலையிலேயே கிடந்தேன்.
ஒரே பாறைக்கு ஆறு மணிநேரம்.
தடவித் தடவிக் கடைசியில்
கரைந்த சோப்புக்கட்டி போல ஆயிற்று.

பிரிண்ட் கடை மாதேஸ்
எனக்கென்று பன்னிரண்டடி கேன்வாஸ் சுருள் ஒன்றை
ஒதுக்கி வைத்திருக்கிறார்.
அதன்மேல் இப்போது அவருடைய டிபன் பாக்ஸ்.
“மலை எப்பங்க வரும்?” என்பார்
ஏதோ அது
ஈரோட்டிலிருந்து பார்சலில் வருவதுபோல.

ஞாயிறன்று ஏற்காடு பஸ்ஸில்
பன்னிரண்டாவது வளைவு.
டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.
ரோட்டின் நடுவே காட்டெருமை,
வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால்.
எல்லாக் கையும் ஃபோனோடு எழுந்தது.
என்னிடம் நாலு சதவீதம் சார்ஜ்.
முதுகு, திமில்,
பின்தொடையின் ஒரு கனமான வளைவு.
தலைக்கு வருவதற்குள்
அது தலையை உண்ணிப் புதருக்குள் கொண்டுபோய்விட்டது.
திரையும் இருண்டது.
பின்சீட்டில் யாரோ
“போயிருச்சா?” என்றார்கள்.

இரவு அதை மலைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.
எறும்பளவு.
பொருந்தவில்லை.
என் நாற்பது பனிக்கு நடுவில்
அந்த ஒரு கோடு
கல்யாண மண்டபத்தில் செருப்போடு நுழைந்தவன்போல் நின்றது.
அழிக்கப் போனேன்.
கோட்டை அல்ல,
பனியில் பதினொரு லேயரை அழித்தேன்.

அடியில் ஒரு சாலை இருந்தது.
போன வருடம் நானே போட்டது,
மறந்தே போயிருந்தேன்.
மோசமான சாலை.
இரண்டு மணிவரை அதைத் திரும்பப் போட்டேன்.
ஒன்பதாவது வளைவு மட்டும் ஒரே இழுப்பில் வந்தது,
ரவுண்டானா சுற்றுகிற வேகத்தில்.
மற்றவை வரவில்லை.

“தலை எங்கங்க?” என்றார் மாதேஸ்.
“புதருக்குள்ள.”
கொஞ்சநேரம் திரையையே பார்த்தார்.
டிபன் பாக்ஸை எடுக்கவில்லை.

கோப்பின் பெயரிலிருந்து
‘கடைசி’யை எடுத்துவிட்டேன்.
இப்போது ‘மலை 8’.
ஏழு நாற்பது பஸ் வருகிறது.
சார்ஜ் நூறு.