இருபது நிமிடத்தில் ஒரு வயது

பதிவேட்டில் அவள் பெயர் கோரல் குவீன்.
மூக்கையூரில் உப்பி.
தொட்டியில் கட்டித் தொங்கவிட்ட கல்லுப்பை
நக்கி நக்கி நடுவில் ஓட்டை போட்டதால்
சாத்தையா வைத்தது.

கிண்டியில் பதின்மூன்று ஓட்டம், ஒன்பது வெற்றி.
ஊட்டியில் ஒன்று, மூக்கு நுனியில் தோற்றாள்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொன்னார்கள்.
ஹபீபு மரைக்காயர் அந்தப் படத்தைத்தான்
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.
"ஜெயிச்சதெல்லாம் பேங்க்ல கிடக்கு, டாக்டர்.
இது கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

ஐந்தாம் வயதில் முன்னங்கால் நரம்பு தடித்தது.
உப்புத் தண்ணீரில் நிறுத்தினால் வற்றும் என்று
யாரோ சொல்ல
ஒரு மத்தியானம் லாரியிலிருந்து இறங்கினாள்.
வலைக்காரர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.
கடலை அவள் பார்க்கவே இல்லை.
மணலைத்தான் மோந்தாள்,
எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்பதுபோல.

முதல் குட்டி செத்துப் பிறந்தது.
இரண்டாவது பெட்டை, பெங்களூரில் இரண்டு கோப்பை.
மூன்றாவதற்குப் புனேயில் பொலிகுதிரை,
கூலி மட்டும் ஒரு விசைப்படகு விலை.
பிப்ரவரி பதினைந்தில் சேர்த்தோம்.
ஜனவரிக் கடைசி என்று கணக்குப் போட்டு
நாட்காட்டியில் வட்டமிட்டவள் நான்.
முந்துவதே பிழைப்பாயிருந்த ஒருத்தியிடம்
நாள் குறித்தது என் தப்பு.

பந்தயக் குதிரைகளுக்கு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்,
எல்லாவற்றுக்கும் ஒரே பிறந்தநாள், ஜனவரி ஒன்று.
முதல்நாள் இரவு பிறந்தது
விடிந்தால் ஒரு வயது.
தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்ததோடு
ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

டிசம்பர் முப்பத்தொன்று. மழை.
குண்டாற்று முகத்துவாரம் உடைந்த சத்தம்.
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
சாத்தையா வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
கீழக்கரையிலிருந்து மரைக்காயர் போனில்:
"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, டாக்டர், அவளை."
யாரிடம் சொல்வது.
பதினொன்று நாற்பதுக்கு வைக்கோலில் விழுந்தான்,
நெற்றியில் நகம் அளவு வெள்ளை.

"கோயில் மணி அடிச்ச பெறகுதான் பொறந்துச்சு.
நான் சாட்சி சொல்றேன்" என்றார் சாத்தையா,
டார்ச்சைத் துடைத்துக்கொண்டே.
மரைக்காயர் ஒன்றும் சொல்லவில்லை.
போனை வைக்கவும் இல்லை.
அவர் பக்கத்து மழையும் கேட்டது.

எழுதினேன்: 31, இரவு 11.40.
நேர்மை என்று சொல்ல மாட்டேன்,
தூக்கம் வராமல் பிறகு யோசித்ததுண்டு.
அந்தச் சட்டத்துப் படம்தான் ஞாபகம் வந்தது.
மூக்கு நுனி.
அதை யாரும் திருத்தவில்லை.

ஆறு மாதம் மரைக்காயர் என்னோடு பேசவில்லை.
கிண்டியில் இரண்டு முறை கடைசியாக வந்தவனை
முதுகுளத்தூர் வண்டிக்காரருக்கு விற்றார்.
போன வைகாசியில் சாயல்குடி சாலையில் பார்த்தேன்,
பெரிய குதிரைப் பந்தயம்.
அங்கே வயதை யாரும் கேட்பதில்லை,
உயரத்தைத்தான் அளக்கிறார்கள்.
என்னைக் கடந்தபோது மூன்றாவதாக இருந்தான்.
புழுதி. முடிவு தெரியவில்லை,
கேட்கவும் இல்லை.

அன்றிரவு மணி அடித்தது.
குதிரையேறிய சந்தியாகப்பருக்கு
ஊரே வெடி வெடித்தது.
உப்பி ஒரு காதைத் திருப்பினாள்,
நக்குவதை நிறுத்தவில்லை.
அவன் இன்னும் நனைந்திருந்தான்.
நான்கு காலையும் நான்கு திசைக்கு விரித்து
மூன்றாம் முறையாக விழுந்தான்,
ஒரு வயதுக்காரன்.