சுருக்கக் குறியீடுகள்

பி. என்றால் பிறப்பு.
ம. என்றால் மணம்.
இ. இறப்பு.
ச.இ. சந்ததி இல்லை.
வெ. வெளிநாடு. எந்த நாடு என்று போட்டால்
பக்கம் கூடும் என்று விட்டாயிற்று.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
குமுழமுனை வேலாத்தையின் வழித்தோன்றல்கள்,
கெட்டி அட்டை, தங்க எழுத்து.
தொகுத்தவர் நவரத்தினராசா ஐயா, ஸ்காபரோவில்.
தட்டச்சு நான், முள்ளியவளையில்,
கரண்ட் நின்ற நேரம் போக மிச்ச நேரத்தில்.

பதினொரு கந்தையா.
ஊர் அவர்களைப் பிரித்துத்தான் வைத்திருந்தது:
மெசின் கந்தையா, சங்கக்கடைக் கந்தையா,
பொய்க் கந்தையா, அவருடைய மருமகன் மெய்க் கந்தையா.
'பட்டமெல்லாம் எடும் தம்பி,
பேரப்பிள்ளையள் வாசிக்கிற புத்தகம்'
என்று வட்ஸ்அப்பில் குரல் வந்தது.
எடுத்தேன்.
இப்போது பெயரடைவில் பதினொருவரும்
மண்ணெண்ணெய் வரிசையில் போல
ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
எவர் மகளை எவர் கட்டினார் என்று
இனி எந்தப் பேரப்பிள்ளையும் கண்டுபிடிக்காது.

பழைய தலைமுறைகளில் பெண்கள்
மகள் 1, மகள் 2.
கோயில் கணக்கில் தேடினேன், ஆண்கள்தான்.
பெயர்கள் சீதன உறுதிகளில் இருந்தன,
நொத்தாரிசின் கோணல் எழுத்தில்.
வடக்கு எல்லை வாய்க்கால், கிழக்கு எல்லை இன்னார் வயல்,
மேற்படி காணியும் அதில் நிற்கும் இலுப்பை மூன்றும்
வள்ளிநாச்சிக்கு, கதிராசிப்பிள்ளைக்கு.
காணி கிடைக்காதவளுக்குப் பெயரும் கிடைக்கவில்லை.
அவள் இன்னமும் மகள் 3.

பிந்திய காலத்துக்கு உறுதியும் இல்லை.
கந்தோரில் கேட்டால் எரிந்தது என்பார்கள்.
வீட்டில் கேட்டால்
வட்டுவாகல் தண்ணிக்குள் விட்டது என்பார்கள்.
அதற்குப் பிறகு முகாம் அட்டைதான்:
கூடார இலக்கம், தலைக்கணக்கு, பருப்பு இத்தனை கிராம்.
ஆதார நூற்பட்டியலில் அதையும் சேர்த்தேன்,
தோம்புக்கும் திருமணப் பதிவேட்டுக்கும் கீழே.
ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

பூரணவதி அக்கா புரூஃப் பார்க்க வந்தது ஒரு செவ்வாய்,
தருமபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
தன் பக்கத்தைக் கேட்கவில்லை.
முதலில் சுருக்கக் குறியீட்டை எடுத்து
ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படித்தா.
'கா. எண்டு ஒண்டு இல்லையே தம்பி?'
இல்லை அக்கா.

ஐயாவுக்கு எழுதினேன்.
அங்கே விடிந்த பிறகு பதில் வந்தது:
குடும்ப நூலில் அரசியல் வேண்டாம். இ. போடும். 2009.

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தா.
கோபப்படவில்லை.
'ஐயா உயிரோடதானே இருக்கிறார்,
அவருக்கு என்ன போட்டிருக்கு?'
பக்கம் பதினேழு, திருப்பினோம்.

நவரத்தினராசா, பி. 1941 –

ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெள்ளை.
'உதையே என்ர பிள்ளைக்கும் போடும்.'

வினோகாந், பி. 1990 –

போட்டேன். ஐயாவுக்குச் சொல்லவில்லை.
நானூறு பக்கத்தில் அவர் அதைக் காணமாட்டார்,
கண்டாலும்
கோட்டுக்குக் காரணம் கேட்க முடியாது.

புத்தகம் ஆறாயிரம் ரூபா.
அக்கா முன்னூற்றியாறாம் பக்கத்தை மட்டும்
போட்டோக்கொப்பி கேட்டா.
காசு வேண்டாம் என்றேன்,
இருபது ரூபாவை மேசையில் வைத்தா.
பின்பக்கம் சும்மாதானே கிடக்கு என்று
என் பேனையை வாங்கி
கடைசி பஸ் நேரத்தை அதில் குறித்துக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கிப் போனா.