இருபத்தெட்டு

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் நிலையம் திறப்பேன்.
பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
தகரம் போட்ட ஒற்றை அறை.
தராசு, பதிவேடு,
கண்ணாடிக் குழாயில் மிதக்கும் பால்மானி.
இருபத்தெட்டைத் தொட்டால் பால்.
குறைந்தால்,
எந்த லயத்துப் பீலித் தண்ணீர் என்றுகூடச் சொல்லிவிடுவேனாம்;
என்னைப் பற்றி அப்படியொரு பேச்சு.

நாற்பத்தோராம் இலக்கம் முதன்முதலாக வந்தது
ஆடி மாத மழையில்.
தலையில் யூரியா பை, கையில் ஏழு லீற்றர் கேன்.
மானி இருபத்திரண்டில் நின்றது.
"தண்ணி கலந்திருக்கு" என்றேன், நிமிராமல்.
"மழை பெய்யுதுங்க."
"கேனுக்கு மூடி இருக்குல்ல?"
"மாடு நனைஞ்சிருச்சு."
வரிசை முழுக்கச் சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
அன்றிரவு சட்டி கழுவும்போது சிரித்தேன்.
அம்மா திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் தம்பியின் காதைப் பிடித்து இழுத்து வந்தார்.
பத்து வயது இருக்கும்.
பட்டியிலிருந்து ரோடுவரை கேன் தூக்குவது அவன்தானாம்.
வழியில் தேத்தண்ணிக் கடைக்கு ஒரு போத்தல்,
குறைந்ததற்குப் பீலி,
கிடைத்த காசுக்குக் கிரிக்கெட் பந்து.
பையன் அழவில்லை.
அடகு வைப்பதுபோல் பந்தை மேசையில் வைத்தான்.
பதிவேடு காற்றில் புரளாமல் இருக்க
ஒரு மாதம் அது எனக்கு உதவியது.

புவனேந்திரன். ஸ்டோரில் இரவு வேலை.
சட்டையெல்லாம் தேயிலைத் தூள் வாசம்.
முதல் ஆளாக வந்து,
ஒவ்வொருவராக முன்னே விட்டு,
கடைசி ஆளாகிவிடுவார்.
ஒருநாள் சொன்னார்:
"உங்க ஏழு, ஒன்னு மாதிரியே இருக்கு.
போன மாசம் ஒரு நாளு எனக்கு ஆறு லீற்றர் போச்சு."
யாரும் என் கையெழுத்தை
அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
அன்றிலிருந்து ஏழின் இடுப்பில் ஒரு கோடு போடுகிறேன்.

ஐப்பசியில் நோர்வூட் பாதையில் மண் சரிந்தது.
பவுசர் வரவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு லீற்றர்,
பத்து மணி, பதினொரு மணி.
கொழும்புக்குப் போன் போட்டால்
"பொறுங்க" என்றார்கள். பால் பொறுக்குமா?
ஸ்டோரில் கண்விழித்து வந்த மனுசன்
கோயில் பொங்கல் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார்.
ஈர விறகு.
காய்ச்சக் காய்ச்சப் பிள்ளைக்காம்பராவுக்கும்
மண் வெட்டப் போனவர்களுக்கும் ஊற்றினோம்.
புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர்.
அதில் ஒரு வசதி:
நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நிற்கலாம்,
யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மார்கழிப் பனியில் ஒரு காகிதத்தோடு வந்தார்.
"காணி லிஸ்ட்ல பேர் வந்திருச்சு. ஏழு பேர்ச்சஸ்.
மாட்டுக்கு ரெண்டு போனா மிச்சம் அஞ்சு."
கேன் மூடியைத் திருகினார். திரும்பவும் திருகினார்.
"அஞ்சு போதுங்களா?"
எனக்குத் தொண்டை அடைத்தது.
வந்த வார்த்தை இதுதான்:
"ஏழை ஒழுங்கா எழுதியிருக்காங்களா, பாத்தீங்களா?"
வாங்கிப் பார்த்தேன்.
கோடு இல்லை.
என் பேனாவால் போட்டுக் கொடுத்தேன்.

தை மாதம் பரிசம்.
எங்கள் காம்பராவில் இருபது பேர் அடங்கவில்லை,
வாசலில் படங்கு கட்டினார்கள்.
தட்டில் தேங்காய், வெற்றிலை, குங்குமக் கலரில் சேலை.
தட்டுகளுக்குப் பின்னால், மூச்சு வாங்க,
தம்பி தூக்கி வந்த கேன்.
"பாத்துட்டே வாங்கிக்கிறட்டும்" என்று அவர் அம்மா சொல்ல
சேலையோடு உட்கார்ந்து மானியை விட்டேன்.
முப்பது.
என் மாமாவுக்கு அதற்கு அர்த்தம் தெரியாது.
ஆனாலும் கைதட்டினார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குத் திறந்தேன்.
நாற்பத்தோராம் இலக்கம், இருபத்தைந்து.
தம்பி வாசலுக்கு வெளியே தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.
அவர் பெருமூச்சு விட்டார்.
"இப்ப பேட் வாங்கணுமாம்."
இருபத்தைந்து என்றே எழுதினேன்.
மோதிரம் புதுசு,
பேனா கொஞ்சம் வழுக்கியது.