நேரடிச் சேதம்

வேதாளைக் கரையில் ஒதுங்கியது ஒரு நீலப் பீப்பாய்.
மூடியில் முத்திரைக் கம்பி.
மேலிருந்த எழுத்து எந்தத் தேசத்தது என்று
பார்த்த யாருக்கும் தெரியவில்லை.
அதுவே போதுமாயிருந்தது.

மதுரையிலிருந்து நாய் வந்தது.
மணல்மூட்டை வந்தது.
கரைச்சாலைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா.
கரண்டை நிறுத்தினார்கள்,
ஜெனரேட்டரும் கூடாது, பொறி பறக்குமாம்.
மூன்று பகல், இரண்டு ராத்திரி.

நான் போனது ஆறாம் நாள்.
இழப்பு மதிப்பீட்டாளர் என்று அட்டையில் இருக்கும்,
ஊருக்கு நான் இன்சூரன்ஸ்காரர்.
செய்னம்பு நாச்சியாவின் ஐஸ் பேக்டரிச் சுவரில்
கணுக்கால் உயரத்துக்கு ஒரு நீர்க்கோடு.
முந்நூறு பார் ஐஸ்
தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தது.
பின்கட்டில் கணவாயும் நண்டுமாக
தூத்துக்குடிக்குப் போகவேண்டிய எண்பது பெட்டி.
நாற்றம் என் கோப்புக்குள் ஏறி உட்கார்ந்தது.

"பயங்கரவாதத்துக்கும் சேர்த்துத்தானே கட்டினேன்."
ரசீதை மேசையில் வைத்தார்.
தனி வரி, தனித் தொகை, நாலாயிரத்துச் சொச்சம்.
கம்பெனிகள் எல்லாம் கூடிப் போட்ட பொது உண்டியல்,
பின்னால் அரசாங்கம் நிற்கிறது என்று
விற்றவன் சொல்லியிருக்கிறான்.
நிற்கிறதுதான்.
நாடா கட்டியதும் அதுதான்.

பதினோராம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.
இடிந்திருக்க வேண்டும், இல்லை எரிந்திருக்க வேண்டும்.
வழி அடைத்ததால் அழுகியதற்கு இல்லை.
பயத்துக்கு இல்லை.

"வெடிச்சிருந்தா?"
"கிடைத்திருக்கும்."
"அப்ப வெடிக்காமப் போனது என் தப்பு."

பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
அவர்களே வெடிக்க வைத்தார்களாம், மணலில் குழி தோண்டி.
உள்ளே கப்பல் கழுவும் சோப்பு.
கரையெல்லாம் நுரை,
பிள்ளைகள் அள்ளி மீசை வைத்துக்கொண்டார்கள்.
அந்த அதிர்வில் ஆபீஸ் அறைக் கண்ணாடி,
இரண்டடிக்கு மூன்றடி,
குறுக்கே விரிந்துவிட்டது.
விரிசலின் மேல் சோற்றுப் பசையால்
மஞ்சள் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்.

டேப்பை நீட்டி அளந்தேன்.
மொத்தத்தில் இது ஒன்றுதான் நேரடிச் சேதம்.
ஆனால் காரணம் என்ற கட்டத்தில் எழுத
ஒரு பயங்கரவாதி வேண்டும்.
என்னிடம் இருந்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டர்,
சோப்பு, கச்சான் காற்று.

தேத்தண்ணி குடிக்கையில் மகனைப் பற்றிச் சொன்னார்.
போன முறை வந்திறங்கியபோது
பாஸ்போர்ட்டில் பேரைப் பார்த்துவிட்டு
நாலு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்தார்களாம்.
அது எந்தப் பக்கத்தில் வரும் என்று அவர் கேட்கவில்லை.
நான் புரட்டவுமில்லை.

"அடுத்த வருஷம் அந்த வரியை எடுத்துரட்டுமா?"

கரண்ட் வந்துவிட்டிருந்தது.
உப்புநீர்த் தொட்டிக்குள் அச்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
முதல் பார் உறைய
நாளைக் காலை ஆகும் என்றான் ஒரு பையன்,
கேட்டது நான்தான் என்று நினைத்து.