வெற்று எடை

ஆல்வின் பெரைரா அவர்களுக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது.
அழித்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் பீடோரில், செம்பனை ஆலையில்,
எடைமேடைக் குமாஸ்தா.
பழத்தோடு உள்ளே வரும்போது லோரிக்கு ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
கழித்தால் பழம்.
பத்தொன்பது வருடமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத் தோட்டத்து கிளப் திடலில்
மழைக்குக் கட்டிய நீலக் கூடாரத்தின் கீழே
நூற்றுப் பத்துப் பேர். அதில் பாதி
இலவச மீகூன் தீரும்வரைதான்.
மினிடிஸ்க்கைக் கைப்பைக்குள் வைத்து
மைக்கை மட்டும் குடைக்காம்பில்
ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தேன்.
பதிவில் முதலில் கேட்பது
பக்கத்து நாற்காலியின் கிரீச்.
அப்புறம் தவளைகள்.
அப்புறம் யாரோ, "இது எப்போ பாட்டாகும்?"
அப்புறம் நீங்கள்.

எழுதியிருக்கிறீர்கள்:
மூன்றாவது உருப்படி, பதினோராவது நிமிடம்.
எந்தச் சுருதியிலும் சேராத ஒரு ஸ்வரத்தில்
நாற்பது விநாடி தொங்கிக்கொண்டிருக்கிறேன்,
கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்று.

எந்தப் படியைக் கேட்டீர்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நான் அனுப்பியது நான்கு.
குளுவாங்கில் பூட்டுக்கடை தம்பிராஜாவுக்கு ஒன்று,
ஜூரோங்கில் கப்பல் பற்றவைக்கும் சேவியருக்கு ஒன்று.
உறைக்குள் எப்போதும் போடும் அதே துண்டுச் சீட்டு:
விற்காதீர்கள். கேட்பவருக்குப் படியெடுத்துக் கொடுங்கள்.
தபால்தலைக் காசு வாங்கினால் தப்பில்லை.
நான்கு இன்று எத்தனையோ, நான் எண்ணவில்லை.
போகிற வழியில், ஈப்போவில், ஓங் என்று ஒருவர்
நல்ல மனசோடு கணினியில் ஏற்றித்
தவளையைக் கழித்தார்.
நாற்காலியைக் கழித்தார்.
பத்து மணிச் சங்கையும் கழித்தார்.

ஆறு வருடம், எத்தனையோ மேடை,
உங்களுக்கு மறந்திருக்கும்.
சாயங்கால ஷிப்ட் முடிகிற சங்கு அது.
கிழட்டுச் சங்கு;
ஏறும்போது இருமும், இறங்கும்போது வழுக்கும்.
நடுப்பாட்டில் அது ஊத
டிரம்ஸ் நின்றது.
பியானோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டார்.
நீங்கள் மட்டும்
கண்ணைத் திறக்காமல் அதைத் தேடிப் போனீர்கள்.
கால் பங்கு கீழே.
இன்னும் கொஞ்சம்.
அங்கே.

சிரித்தார்கள், உண்மைதான்.
பாய்லர் போடும் வீராச்சாமி சத்தமாகவே சிரித்தார்.
தன் வீட்டு நாயைப்
பெரிய மனிதர் ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்
சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.
எங்கள் பக்கம் லயம் என்றால் வரிசை வீடு.
நீங்கள் எந்த லயத்தில் வாசித்தீர்கள் என்று
அங்கிருந்து வந்தவர்களுக்குப் புரிந்தது.

சங்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது
தனியாய் நிற்கும் ஒரு மனிதரின் பிசகு.
என் வேலையிலும் உண்டு இது.
வெற்று எடையைக் கூட்டிப் பதிந்துவிட்டால்
அத்தனை பழம் கணக்கில் காணாமல் போகும்,
லோரிக்காரர் என் ஜன்னலில் வந்து கத்துவார்.

வாசித்தது நீங்கள்.
அழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.
நான்கு பேருக்கும் எழுதினேன்.
தம்பிராஜா மட்டும் பதில் போட்டார், ஒரே வார்த்தை:
"எதை?"
சங்கு இதுவரை எதுவும் எழுதிக் கேட்கவில்லை.

இத்தோடு மூலத்தட்டு. படி இல்லை.
இந்தக் காலத்தில் கருவி உங்களிடம் இருக்காது,
என்னுடையதையும் வைத்திருக்கிறேன், பேட்டரி புதுசு.
நேராகப் பதினோராவது நிமிடத்துக்குப் போகாதீர்கள்,
தவளையிலிருந்து கேளுங்கள்.
கேட்ட பிறகும் வேண்டாம் என்றால்
ஓரத்துப் பொத்தான், இரண்டு முறை.
கருவியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

செப்டம்பரில் மறுபடி விழா வைக்கிறார்கள்.
அதற்குள் சங்கை இறக்கிவிட்டு
மின்மணி மாட்டப் போவதாக மேனேஜர் சொல்கிறார்.
என்ன சுருதி என்று கேட்டு எழுதுகிறேன்.